மனசைப் பக்குவப்படுத்தச் சொல்வதற்கு முன்னால்

ரிட்டயர் ஆனவர்களுக்குப் புத்தி சொல்லும் வீடியோக்கள் தினமும் வருகின்றன. வாக்கிங் போங்கள், தோட்டம் போடுங்கள், மனசைப் பக்குவப்படுத்துங்கள். எங்கள் கோவைப் பக்கத்து நூல் மில்களில் முப்பது வருடம் ஷிப்ட் பார்த்து வெளியே வந்தவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "வாக்கிங் போகச் சொல்றீங்களே கண்ணு, நாலு படி ஏறுனாலே மூச்சு இழுக்குது" என்றார் எங்கள் பெரியப்பா.

அவருக்கு வருவது பி.எஃப். பென்ஷன், 1995ஆம் வருடத் திட்டம். சம்பளத்தைச் சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். எவ்வளவு வாங்கியிருந்தாலும் கணக்கில் எடுக்கும் சம்பளம் பொதுவாக 15,000 ரூபாயைத் தாண்டாது. 2014க்கு முன்பு அதுவும் 6,500தான். முப்பது வருடச் சர்வீஸுக்கு ஏழாயிரத்தைக்கூட எட்டாது. பலருக்கு இரண்டாயிரம், மூவாயிரம். அரசுப் பென்ஷனுக்கு அகவிலைப்படி ஏறுகிறது. இதற்கு அதுவும் கிடையாது. அரிசி விலை ஏறினாலும் தொகை அப்படியேதான் நிற்கும்.

தொகை குறைவாக இருந்தாலும் உடம்பு நன்றாக இருப்பவர் அபார்ட்மென்ட் வாட்ச்மேனாகப் போய்ச் சமாளித்துவிடுகிறார். உடம்பு கெட்டாலும் கையில் காசிருப்பவர் வைத்தியம் பார்த்துக்கொள்கிறார். இரண்டும் இல்லாதவரைத்தான் நாம் "வீட்ல சும்மா இருக்க முடியல, எரிஞ்சு எரிஞ்சு விழறார்" என்கிறோம். எரிச்சல் சும்மா இருப்பதால் வரவில்லை. மாத்திரைக்கு மகனிடம் கை நீட்ட வேண்டியிருப்பதால் வருகிறது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

பெரியப்பாவின் அந்த இளைப்பும் வயதால் மட்டும் வந்ததல்ல. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூமிலும், சிக்கெடுக்கும் கார்டிங்கிலும் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் கெடும். வார லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சை அடைப்பதுதான் ஆரம்ப அறிகுறி. நாள்பட்டால் எல்லா நாளும் அடைக்கும். வேலையில் சம்பாதித்த நோயை ஓய்வுக்குப் பிறகு சொந்தக் காசில் பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்று. தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் ஐந்து வருடமாவது இருந்து ஓய்வு பெற்றவர், வருடம் 120 ரூபாய் கட்டினால் கணவன், மனைவி இருவருக்கும் அங்கே வைத்தியம் தொடரும். எத்தனை பேருக்கு இது தெரியும்? மாலை போட்டு, சால்வை போர்த்தி அனுப்புகிற நாளிலேயே அதற்கான படிவத்தையும் மில் நிர்வாகம் எழுதிக் கொடுக்கட்டும். போகிற தொழிலாளிக்கு மூச்சுப் பரிசோதனை செய்து அறிக்கையைக் கையில் கொடுக்கட்டும். பென்ஷனை விலைவாசியோடு சேர்த்து ஏற்றச் சொல்லி யூனியன்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. வேலையில் இருக்கிற நாமும் சேர்ந்து கேட்போம்.