அந்தத் திகதி எதற்குக் கடைசி?

அம்மா தமிழ்நாட்டுக் கோத்தகிரியில் தன் அண்ணனோடு இருந்தது 12 நாள். விசாப்படி இன்னும் 18 நாள் இருந்திருக்கலாம். அவர் இங்கே இலங்கையில் ஹட்டனுக்குத் திரும்பிய ஒன்பதாம் நாள் மாமா கண்ணை மூடிவிட்டார்.

எழுதவா வேண்டாமா என்று இரண்டு மாதமாக மனத்துக்குள் போராடிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் எங்கள் தோட்டத்து அக்கா ஒருவர் அம்மாவுக்குக் கிடைத்த அதே மாதிரி இந்திய விசாத் தாளைக் கொண்டுவந்து, "தம்பி, இந்தத் திகதிக்குள்ளே வந்துவிட வேண்டுமா?" என்று கேட்டார். இனிப் பேசாமல் இருப்பது தவறு.

அம்மாவின் விசாத் தாளில் ஆங்கிலத்தில் காலாவதித் திகதி என்று ஒன்று இருந்தது. மருந்துப் போத்தலில் அந்தச் சொல்லைப் படித்துப் பழகிய நமக்கு அதன் பொருள் ஒன்றுதான்: அன்றோடு முடிந்தது. விசா கிடைத்த பிறகு அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு பயணம் தள்ளிப்போயிருந்தது. அந்தத் திகதிக்கு முதல் நாள் திரும்பும்படி டிக்கெட் எடுத்தவன் நான். "இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போயேன்" என்று மாமா கெஞ்சியிருக்கிறார். பிள்ளை சொன்ன திகதியை மீறக்கூடாதென்று அம்மா கிளம்பி வந்துவிட்டார்.

உண்மை வேறு. 30 நாள் இந்திய இ-சுற்றுலா விசாவில் அந்தத் திகதி, நாட்டுக்குள் நுழைவதற்கான கடைசி நாள். தங்கும் 30 நாளும் போய் இறங்கிய நாளிலிருந்துதான் எண்ணப்படுகின்றன. இந்தத் திகதியைப் பற்றி விண்ணப்பிக்கும் இணையத்தளத்திலேயே ஒரு விளக்கம் இருக்கிறது. விளக்கம் தேவை என்று தெரிந்த பிறகும் அந்தச் சொல்லை ஏன் மாற்றக்கூடாது? "இந்த நாளுக்குள் வந்து சேர வேண்டும்" என்று எழுத எவ்வளவு மை செலவாகும்?

அமெரிக்க விசாவிலும் இதே கதைதான். அதிலுள்ள முடிவுத் திகதி, எல்லைக்குப் போய்ச் சேர்வதற்கானது. எத்தனை நாள் தங்கலாம் என்பதை நுழையும்போது அங்குள்ள அதிகாரி தீர்மானிக்கிறார். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு வந்தால் கணக்கு தலைகீழ். உதாரணமாக, இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை என்று ஒரு மாதம் போட்டிருக்கும். தங்கும் நாட்கள் என்ற தனிக் கட்டத்தில் 15 என்று இருக்கும். அங்கே கடைசித் திகதியை நம்பி இருந்தவர், சட்டத்தை மீறியவர் ஆகிவிடுகிறார். ஓரிடத்தில் திகதி தாண்டியும் இருக்கலாம், இன்னோரிடத்தில் திகதிக்கு முன்பே புறப்பட்டாக வேண்டும். தேயிலை மலையில் கொழுந்து பறித்து ஓய்ந்த ஒரு பெண் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்?

பெயர்ச் சிக்கலோ தனிப் பாரம். தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, கடவுச்சீட்டில் மூன்றாவது. குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாத நம் வழக்கம் விசாக் கட்டங்களுக்குப் பொருந்துவதில்லை. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு இராச்சியம் 2022 நவம்பரில் அறிவித்தது நினைவிருக்கும்.

மலையகத் தமிழரான நம் மக்களுக்குத் தாள் என்றால் ஒரு பயம் உண்டு. நம்மை யார் குடிமக்கள் என்று தீர்மானித்த 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். மாமாவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது; இலங்கைக் குடியுரிமைக்கான தாத்தாவின் விண்ணப்பத்தில் இருந்த அம்மா இங்கேயே நின்றுவிட்டார். தலைமன்னாரில் கப்பலேறிய அண்ணனைப் பிறகு அவர் பார்த்தது மூன்றே முறை. அந்த மூன்றாவது முறையைத்தான் நான் சுருக்கிவிட்டேன்.

விசா கொடுக்கும் நாடுகள் எந்த நாளுக்குள் நுழைய வேண்டும், நுழைந்த பின் எத்தனை நாள் இருக்கலாம், எத்தனை முறை போய்வரலாம் என்பதைப் பயணியின் மொழியில் முழு வாக்கியமாக எழுத வேண்டும். அது நடக்கும்வரை, நம் நகரங்களில் காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பம் நிரப்பித் தரும் கடைக்காரர்களிடம் கேட்கிறேன்: தாளை நீட்டும்போது அதன் பின்புறத்தில் இந்த மூன்றையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். அந்த அக்காவின் தாளில் நேற்று நான் எழுதிக் கொடுத்தேன். வேறு யாருக்காவது தேவையென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வாருங்கள். கடவுச்சீட்டையும் எடுத்து வாருங்கள், பெயரின் எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.