பக்கத்து மேசையின் வேலை தெரிய வேண்டாமா?

ஊழியர்களிடையே புரிதல் வளர வேண்டும் என்று நிர்வாகம் நினைத்தால் முதலில் ஒரு ஹோட்டல் அரங்கைப் பிடிக்கிறது. பயிற்சியாளர் வருகிறார், கேள்வித்தாள் கொடுக்கிறார், நீங்கள் கலகலப்பானவரா அமைதியானவரா என்று வகை பிரிக்கிறார். மறுநாள் காலை கட்டிங் பிரிவுக்கும் தையல் பிரிவுக்கும் அதே சண்டை தொடர்கிறது.

ஆம்பூர்ப் பக்கம் காலணித் தொழிலில் இருக்கிறேன். உடன் வேலை செய்பவரின் குணத்தை அறிவதற்கு முன்னால் அவருடைய வேலையை அறிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தோல், துணியைப் போல ஒரே சீராக இருக்காது. முதுகுப் பகுதி இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பகுதி இழுத்தால் நீளும். முள் கீறிய தழும்பும் உண்ணி கடித்த தடமும் ஆங்காங்கே கிடக்கும். கட்டிங் செய்பவர் இவற்றை ஒதுக்கி, நீளும் திசை பார்த்து, இடது காலுக்கும் வலது காலுக்கும் நிறம் பொருந்த வெட்ட வேண்டும். ஆனால் அவரை மதிப்பிடுவது, எத்தனை சதுர அடியில் எத்தனை ஜோடி எடுத்தார் என்பதை வைத்துத்தான். தையல் வரிசைப் பெண்களுக்கோ மணிக்கு இத்தனை ஜோடி என்பது கணக்கு. ஓரத்தைச் சரியாகச் சீவாமல் துண்டு வந்தால் மடிப்பு தடித்துவிடும், வேகம் குறையும், திட்டு அவர்களுக்கு விழும். லாஸ்டிங் பிரிவில் காலணியின் மேற்பகுதியைக் கால் வடிவ அச்சின் மேல் இழுத்துப் பொருத்தும்போது, திசை தவறி வெட்டிய துண்டு கிழிந்தால் கடைசியாகத் தொட்டவர்தான் குற்றவாளி.

ஒருவர் தன் கணக்கில் ஜெயிக்க அடுத்தவர் தோற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டு, அதைக் குணக்கோளாறு என்று சொல்வது அநியாயம். தமிழும் உருதும் தெலுங்கும் ஒரே டீக்கடையில் ஒலிக்கும் பழைய வட ஆற்காட்டுக்காரர்கள் நாங்கள். பழகத் தெரியாதவர்கள் இல்லை.

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான தவறுகள் அங்கேதான் அதிகமாக இருந்தன. அங்கே இருந்தவர்கள் தவறை மறைக்காமல் வெளியே சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். பேரணாம்பட்டிலிருந்தோ மாதனூரிலிருந்தோ கம்பெனி பஸ்ஸில் வரும் ஒரு பெண், "இந்தத் துண்டு தவறாக வெட்டப்பட்டிருக்கிறது" என்று சூப்பர்வைசரிடம் துணிந்து சொல்ல முடிகிறதா? வரிசை முழுவதும் கேட்கத் திட்டுகிற இடத்தில் யார் வாயைத் திறப்பார்கள்?

புதிதாகச் சேர்பவரை, சூப்பர்வைசரையும்தான், தனக்கு முந்தைய மேசையில் ஒரு நாள், பிந்தைய மேசையில் ஒரு நாள் உட்கார வையுங்கள். கூலி பிடிக்காதீர்கள், அன்றைய இலக்கைக் குறையுங்கள். அரங்குக்கும் பயிற்சியாளருக்கும் கொடுக்கும் பணத்தில் அந்த இழப்பை ஈடுகட்டலாம். கூடவே மூன்று பிரிவுக்கும் பொதுவாக, பழுதில்லாத ஜோடி எத்தனை வெளியே போனது என்ற கணக்கையும் வையுங்கள். இதை எந்தத் தொழிற்சாலையாவது ஏற்கெனவே செய்துகொண்டிருந்தால், அங்கே வேலை செய்பவர்கள் அது எப்படி நடக்கிறது என்று எழுதுங்கள். எங்கள் நிர்வாகத்திடம் காட்ட எனக்கு அது வேண்டும்.