நீதி தீர்ப்போடு முடிவதில்லை

கிறிஸ்தவத்தின் முதல் நூற்றாண்டுகளில் இருந்த ஆதித் திருச்சபைக்கு நீதி என்றால் பாவியைக் கடவுள் குற்றமற்றவன் என்று தீர்ப்பது மட்டும்தான் என்பதுபோல் உங்கள் கட்டுரைத் தொடரில் எழுதியிருக்கிறீர்கள், அதை என்னால் ஏற்க முடியவில்லை. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள கப்பதோக்கியாவில் ஆயராக இருந்த நீசாவின் கிரகோரியை எடுத்துக்கொள்ளுங்கள். 'நீதியின்மேல் பசிதாகமுள்ளவர்கள்' என்ற இயேசுவின் மலைப்பிரசங்க வசனத்துக்கு அவர் தந்த விளக்கவுரையில், அவரவருக்கு உரியதைப் பகிர்ந்து கொடுப்பதுதான் நீதி என்ற அந்தக் கால இலக்கணத்தை முதலில் எடுத்துவைத்து, சரி, பகிர்ந்து கொடுக்கக் கையில் பொருளோ அதிகாரமோ இல்லாத ஏழை என்ன செய்வான் என்று கேட்கிறார். அந்தக் கேள்வி என்னை இன்றும் உலுக்குகிறது. அப்புறம் படிப்படியாக உயர்ந்து, நாம் பசித்துத் தேடவேண்டிய நீதி கிறிஸ்துவேதான் என்று போய் நிற்கிறார். அங்கே நீதியும் இறைவனோடு ஒன்றிப்பதும் ஒரே பாதை, இரண்டு பாடமில்லை.

இவருக்கு முன்பே அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு, நாம் தெய்வமாக்கப்படும்படியே கிறிஸ்து மனிதரானார் என்று எழுதிவிட்டார். அதற்காகப் படைத்தவனும் படைக்கப்பட்டவனும் ஒன்றாகிவிடுவதாக இவர்கள் சொல்லவில்லை, அருளால் கிடைக்கும் பங்கு அது. மோசேயின் வாழ்வைப் பற்றிய நூலில் கிரகோரி, இறைவனை நோக்கிய அந்தப் பயணத்துக்கு எல்லையே இல்லை என்கிறார்.

இதெல்லாம் வெறும் தியானப் பேச்சு என்று ஒதுக்கவும் முடியாது. கடவுளின் சாயலான மனிதனுக்கு யாரால் விலை வைக்க முடியும் என்று அடிமை முறையை நேருக்கு நேர் கண்டித்தவரும் இதே கிரகோரிதான். அடுத்த பகுதியில் தயவுசெய்து அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.