கிராமுக்கு என்ன விலை?

(சிங்கப்பூரின் யீஷூன் வட்டாரத்தில் அடுக்குமாடி வீடொன்றின் சமையலறை. இங்கே வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர். அத்தை, சிராங்கூன் சாலை நகைக்கடை ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அண்ணன் மகன் கதிர், பகலில் ஏர்கான் பழுதுபார்ப்பவன். மாலையில் 150 சிசி வண்டியில் உணவு விநியோகம் செய்பவன். முதுகுப்பையை அவன் மேசைமேல் வைக்கிறான்.)

அத்தை: பைக்குள் என்ன கிலுகிலுவென்று சத்தம்? கொலுசா? பெண் பார்த்துவிட்டாயா?

கதிர்: போல்ட், அத்தை. டைட்டானியம் போல்ட். மொத்தம் முப்பது.

அத்தை: நீலமும் ஊதாவுமாக மின்னுகிறதே. முலாம் பூசியதா?

கதிர்: முலாம் இல்லை. மின்சாரம் பாய்ச்சி வரவழைக்கும் நிறம். ஒன்று 12 வெள்ளி.

அத்தை: ஒன்றின் விலையை யார் கேட்டார்கள்? கிராமுக்கு என்ன விலை?

கதிர்: போல்ட்டை யாரும் கிராம் கணக்கில் விற்பதில்லை, அத்தை.

அத்தை: விற்கிறவனுக்குத் தெரியாவிட்டால் வாங்குகிறவன் தெரிந்துகொள்ள வேண்டும். (மாவு நிறுக்கும் மின்தராசை இழுத்து வைக்கிறார்.) பத்து கிராம்.

கதிர்: அப்படி நிறுக்கக் கூடாது. பழைய எஃகு போல்ட் 18 கிராம், இது 10. எட்டு கிராம் குறைகிறது. நான் காசு கொடுத்தது அந்த எட்டு கிராமுக்கு.

அத்தை: எந்த எட்டு கிராமுக்கு?

கதிர்: இல்லாத எட்டு கிராமுக்கு.

அத்தை: (நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொள்கிறார்.) இருக்கிற கனத்துக்குத்தான் நாங்கள் காலமெல்லாம் ரசீது எழுதினோம். இல்லாத கனத்துக்கும் எழுதலாம் என்று எங்கள் முதலாளிக்கு யாரும் சொல்லவில்லையே! சரி, கிராமுக்கு ஒன்றரை வெள்ளி ஆகிறது. செய்கூலி தனியா?

கதிர்: காக்கி புக்கிட் பட்டறையில் மாட்டித்தர 60 வெள்ளி.

அத்தை: சேதாரம்?

கதிர்: பழைய போல்ட் துருப்பிடித்து உள்ளேயே ஒடிந்தால் துளை போட்டு எடுக்க வேண்டும். ஒன்றுக்கு 40 வெள்ளி கேட்கிறார்கள்.

அத்தை: அதுவும் உண்டு. தரம் என்ன? 916தானே?

கதிர்: ஐந்தாம் தரம் என்பார்கள். நூற்றுக்கு ஆறு பங்கு அலுமினியம், நான்கு பங்கு வனேடியம், மீதி டைட்டானியம்.

அத்தை: நூற்றுக்குத் தொண்ணூறு என்றால் 900. இருபத்திரண்டு காரட்டுக்குக்கூட எட்டவில்லையே!

கதிர்: கலந்தால்தான் வலு வரும், அத்தை.

அத்தை: செம்பு கலந்தால்தான் வளையல் நிற்கும் என்று நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லும்போது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது உன்னைப் பார்த்தால் தெரிகிறது. திருப்பிக் கொடுத்தால்?

கதிர்: பாதி விலை. அதுவும் யாராவது கேட்டால்.

அத்தை: இதனால் வண்டிக்கு என்ன லாபம்?

கதிர்: கனம் குறைந்தால் வேகமாகக் கிளம்பும், சீக்கிரம் நிற்கும், வளைவில் லேசாகத் திரும்பும். மோட்டோஜிபி பந்தயத்தில் கிராம் கிராமாகக் குறைப்பார்கள். அந்த வண்டி 157 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது என்று விதியே போட வேண்டியிருக்கிறது என்றால் பாருங்கள்.

அத்தை: உன் வண்டி எத்தனை கிலோ?

கதிர்: (மெல்ல) 120 இருக்கும்.

அத்தை: பந்தய வண்டியைவிட 37 கிலோ குறைவா! அவர்கள் விதிப்படி நீ இரும்புத்துண்டு கட்டிக்கொண்டல்லவா ஓட்ட வேண்டும்?

(இதற்குப் பதில் உண்டு. பந்தய வண்டியின் இயந்திரம் 1000 சிசி, கதிருடையது 150. ஆனால் அதைச் சொன்னால் வாதம் இன்னும் மோசமான இடத்துக்குப் போகும் என்பது அவனுக்குத் தெரியும்.)

அத்தை: முப்பது போல்ட்டும் சேர்ந்து எவ்வளவு குறையும்?

கதிர்: 240 கிராம்.

அத்தை: ஒரு லிட்டர் பெட்ரோல் என்ன கனம்?

கதிர்: 740 கிராம் இருக்கும்.

அத்தை: அப்படியென்றால் உட்லண்ட்ஸில் கிளம்பி தோ பாயோ போய்ச் சேர்வதற்குள் அந்த 240 கிராம் தானாகவே எரிந்து போய்விடும். முதுகில் நான்கு பேருக்குப் பிரியாணியும் ஏற்றிக்கொள்கிறாய். விரைவுச்சாலையில் 90க்கு மேல் போனால் கேமரா. மீதி நேரமெல்லாம் சிவப்பு விளக்கு. சிவப்பு விளக்கில் லேசாக நிற்பதற்கா 360 வெள்ளி?

கதிர்: ஜோகூர் வழியாக ஒருநாள் மலேசியாவின் சிப்பாங் பந்தயத்தடத்துக்குப் போனால்…

அத்தை: போகும்போது பார்த்துக்கொள்ளலாம். புகைபோக்கி எதுவும் வாங்கவில்லையே?

கதிர்: இல்லை. நிலப் போக்குவரத்து ஆணையம் ஒப்புக்கொள்ளாததை மாட்டினால் அபராதம். மூன்று ஆண்டு கடந்த வண்டிக்கு வருடா வருடம் சோதனை வேறு.

அத்தை: அந்த மட்டும் புளோக்கில் உள்ளவர்கள் தூங்கலாம்.

கதிர்: கனம் குறைப்பது எல்லாமே வீண் என்று சொல்லிவிடாதீர்கள், அத்தை. பழைய ஈய பேட்டரிக்குப் பதில் லித்தியம் போட்டால் ஒரு கிலோ அளவுக்குக் குறையும். விலை 120 வெள்ளி.

அத்தை: கிராமுக்கு 12 காசு! இதுவல்லவா விலை!

கதிர்: வண்டியின் மின்னேற்றும் பகுதிக்கு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அதைவிடச் சக்கரத்தைச் சொல்லுங்கள். சக்கரமும் பிரேக் வட்டும் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கின்றன. மேடு பள்ளம் வரும்போதெல்லாம் அவை ஏறி இறங்க வேண்டும். கனம் குறைந்தால் டயர் சாலையை விடாமல் தொட்டுக்கொண்டே போகும். இன்னொன்று, சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் கிராமை முன்னால் தள்ளினால் மட்டும் போதாது, சுற்றவும் வைக்க வேண்டும். அதனால் வேகமெடுக்கும்போது ஒரு கிராம் இரண்டு கிராம் போல நடந்துகொள்ளும்.

(இந்த இடத்தில் கதிர் பக்கம் முழு நியாயமும் இருக்கிறது. அத்தையும் தராசை அணைத்துவிட்டுக் கேட்கிறார்.)

அத்தை: ஒரு கிராமைக் குறைத்தால் இரண்டு கிராம் குறைந்த பலனா? தீபாவளித் தள்ளுபடியில்கூட இப்படிக் கொடுத்ததில்லை. அதை ஏன் வாங்கவில்லை?

கதிர்: நல்ல சக்கரம் ஜோடி 900 வெள்ளி. என்னிடம் 360தான் இருந்தது.

அத்தை: அதனால்?

கதிர்: 360 வெள்ளிக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

அத்தை: இப்படி ஒரு வாடிக்கையாளர் வந்தால் நாங்கள் உட்காரவைத்துக் குளிர்பானம் கொடுப்போம். பட்டறையில் கொடுத்தார்களா?

கதிர்: மைலோ கொடுத்தார்கள்.

அத்தை: கொடுப்பார்கள். இவற்றை எங்கே மாட்டப்போகிறாய்?

கதிர்: பாதி உடல் மூடிகளுக்கு. நான்கு, பிரேக் வட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்கு.

அத்தை: பிரேக்குக்கா? தாங்குமா?

கதிர்: நல்ல தயாரிப்பாக இருந்தால் தாங்கும். ஆனால் தொழிற்சாலையில் போட்டு அனுப்பும் எஃகு போல்ட் வலுவில் சளைத்ததல்ல. டைட்டானியத்தை மசகு பூசாமல் முறுக்கினால் மரை கடித்துக்கொண்டு கழலாமல் போகும். போலிகளும் உலவுகின்றன, நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

அத்தை: உரசிப் பார்க்கக் கல்லும் கிடையாது. அந்த நான்கையும் தனியாக எடுத்து வை. டயர் எப்படி இருக்கிறது?

கதிர்: (ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு) அடுத்த மாதம்…

அத்தை: கதிர்!

கதிர்: 1.6 மில்லிமீட்டர் வரை சட்டப்படி ஓட்டலாம், அத்தை. அதற்கு மேல் கொஞ்சம் இருக்கிறது.

அத்தை: எவ்வளவு கொஞ்சம்? டிசம்பர் மழையில் சாலையில் தண்ணீர் ஓடும்போது வழுக்கினால் உன் இல்லாத எட்டு கிராமா வந்து தாங்கிப் பிடிக்கும்? இந்த வண்டியை வைத்துக்கொள்ள உரிமைச் சான்றிதழ் வாங்கினாயே, அந்த சிஓஇக்கு என்ன கொடுத்தாய்?

கதிர்: பத்தாயிரத்தைத் தாண்டியிருந்த நேரத்தில்தான் எடுத்தேன்.

அத்தை: பத்து வருடத்துக்குப் பத்தாயிரம் கொடுத்தவன் டயருக்குக் கணக்குப் பார்க்கிறான். ரசீது இருக்கிறதா?

கதிர்: இருக்கிறது.

அத்தை: மாட்டாத சரக்குதானே, திருப்பிக் கொடு. பணம் தரமாட்டேன் என்றால் அதே மதிப்புக்கு டயர் கேள். நானும் வருகிறேன். எனக்கும் மைலோ பிடிக்கும்.

(போல்ட்டுகளைப் பொட்டலம் கட்டிப் பைக்குள் போடுகிறார். பையை நகர்த்தப் பார்க்கிறார்; அது நகரவில்லை.)

அத்தை: இதற்குள் இன்னும் என்ன கனக்கிறது?

கதிர்: சங்கிலி, அத்தை. வண்டியைப் பூட்ட. வாகன நிறுத்துமிடத்தில் இந்த போல்ட்டுகளைப் பார்த்தால் கண் வைப்பார்கள் என்று பட்டறைக்காரர் சொன்னார்.

அத்தை: போல்ட்டைக் கழற்றுகிறவன் போல்ட்டைக் கழற்றுவான். சங்கிலி அவனை என்ன செய்யும்? எத்தனை கிலோ?

கதிர்: மூன்று.

அத்தை: 240 கிராம் குறைப்பதற்கு மூன்று கிலோ ஏற்றினாயா? அதையும் டைட்டானியத்தில் செய்து விற்கவில்லையா உன் பட்டறைக்காரர்?

கதிர்: டைட்டானியத்தில் பூட்டு இருக்கிறதாம், அத்தை. விலை கேட்டிருக்கிறேன்.