பெரிய ஃபர்னஸ் வாங்கினால் வீடு நன்றாகச் சூடாகுமா?

கனடாவில் குளிர் தொடங்கினால், வீட்டைச் சூடாக்கும் கேஸ் கருவியான ஃபர்னஸ் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு அறிவுரை சுற்றும்: "பழைய ஃபர்னஸ் 1 லட்சம் பி.டி.யூ என்றால் புதியதையும் அதற்குக் குறையாமல் வாங்குங்கள். பெரிதாக இருந்தால் கேஸும் மிச்சம்."

இது தவறு. பி.டி.யூ என்பது வெப்பத்தை அளக்கும் அலகு. லேபிளில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் அது எரிக்கும் கேஸின் அளவுதான், வீட்டுக்குள் வரும் சூடு அல்ல. 80 சதவீதத் திறனுள்ள பழைய ஃபர்னஸ் 1 லட்சத்தை எரித்து 80,000ஐத்தான் தரும், மிச்சம் புகைபோக்கி வழியே போய்விடும். 96 சதவீதத் திறனுள்ள புதியது 80,000ஐ எரித்தே 76,800 தருகிறது. இதற்கிடையில் ஜன்னலை மாற்றி, பரணில் இன்சுலேஷன் போட்டிருந்தால் தேவை இன்னும் குறைவு.

சரி, பெரிதாக இருந்தால்தான் என்ன? நடைவழியில் இருக்கும் தெர்மோஸ்டாட் சட்டென்று சூடாகி ஃபர்னஸை நிறுத்திவிடும். மாடியின் கோடி அறையில் பிள்ளைகள் போர்வைக்குள் நடுங்குவார்கள். அடிக்கடி அணைந்து எரிவதால் கேஸைப் பற்றவைக்கும் இக்னைட்டரும் சீக்கிரம் தேயும். சிறிதாக வாங்கினாலும் தொல்லைதான், கடுங்குளிர் நாளில் ஈடுகொடுக்காது.

அளவைக் கணக்கிட சி.எஸ்.ஏ. எஃப்280 என்ற கனடியத் தரநிலை இருக்கிறது. சுவர், ஜன்னல், காற்றுக் கசிவு, ஊரின் குளிர் எல்லாம் அதில் வரும். லேபிளை மட்டும் எட்டிப் பார்த்து விலை சொல்பவரிடம் அந்தக் கணக்கைக் கேளுங்கள்.

அப்புறம், நீங்களே ஒன்று பார்க்கலாம். கடுங்குளிர் இரவில் பழைய ஃபர்னஸ் 5 நிமிடம் ஓடி 15 நிமிடம் ஓய்வெடுத்தால், அதுவே தேவைக்கு மேல் பெரிது.