நோட்டீசில் இல்லாத பெயர்கள்

என் மேசை இலாச்சியில் பதினொரு கோவில் நோட்டீஸ்கள் கிடக்கின்றன. பங்குனி உத்தரம் தொடக்கம் ஆடி மாதம் முடியும்வரை, வன்னியில் நான் இரவிரவாக இருந்து இசை கேட்ட இடங்களின் நோட்டீஸ்கள். நேற்று ஒவ்வொன்றாக விரித்து வாசித்தேன். சினிமாப் பாட்டுப் பாடும் இசைக்கோஷ்டியின் பெயர் எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில், பாடகர்களின் படத்தோடு இருக்கிறது. சவுண்ட்ஸ்காரரின் பெயர் இருக்கிறது. பந்தல்காரரின் பெயர்கூட இருக்கிறது. நாதஸ்வரம், தவில் வாசித்தவர்களின் பெயர் நாலே நாலில்தான் உண்டு. மற்றவற்றில் 'விசேட மேளக்கச்சேரி' என்று ஒரு வரி மட்டும். பறை அடித்தவர்களின் பெயர் ஒன்றிலும் இல்லை.

இதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்து வாசியுங்கள்.

நான் கிளிநொச்சிப் பக்கத்து வட்டக்கச்சிக்காரன். சென்னையில் இசைக்காலம் என்றால் மார்கழி என்பார்கள். மாரியில் வன்னியில் யார் மேடை போடுவது? ஒழுங்கையெல்லாம் வெள்ளமும் சேறும். பெரும்போக வெட்டு முடிந்து, நெல் விற்ற காசு கைக்கு வந்து, வெயில் ஏறத் தொடங்கும்போதுதான் எங்கள் கோவில்களில் கொடி ஏறும், வளந்து என்கிற பொங்கல் பானை வைப்பார்கள். அப்போது பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரைக்கும் எங்கே வீதியோரம் ரியூப்லைட் கட்டியிருக்கிறதோ அங்கே என் மோட்டார் சைக்கிளும் நிற்கும். கச்சான் ஒரு சரை வாங்கிக்கொண்டு, மணலில் சாரத்தை விரித்துப்போட்டு, முன்னுக்கு இருந்துவிடுவேன். வருடத்தில் மிச்சமிருக்கும் மாதங்கள் எல்லாம் எனக்கு இந்த நாலு மாதத்துக்கான காத்திருப்புத்தான்.

இந்தக் கோடை புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலோடு தொடங்கியது. அங்கே சனத்துக்குள் நின்று ஒரு காவடியைப் பின்தொடர்ந்தேன். காவடி எடுத்தவர் களைத்து, கால் தடுமாறும் நேரம் பறைக்காரர் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைப் பார்த்தார். அடியை மெல்லத் தளர்த்தினார். பாதம் மணலில் ஊன்றியதும் திரும்ப இறுக்கினார். ஆட்டக்காரர் சுழன்று எழும்பிவிட்டார். சுற்றி நின்றவர்கள் காவடியைப் பார்த்து அரோகரா என்றார்கள். எனக்கு அந்தப் பறைக்காரரின் கண்ணிலிருந்து பார்வையை எடுக்க முடியவில்லை. இன்னொருவரின் மூச்சைத் தன் கையில் வைத்திருந்தார் அவர்.

அடுத்ததைச் சொல்லத்தான் எனக்கு மனம் பதறுகிறது. சித்திரையில் ஒரு பிள்ளையார் கோவில். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே இருப்பவர்களும் என் ஆட்கள்தான். இரவு பத்து மணிக்கு மேளச்சமா. இரண்டு நாதஸ்வரம், மூன்று தவில். எல்லோரும் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். நான் அவர்களுக்கு நேர் முன்னால், ஒரு பாய்த் தூரத்தில் இருந்தேன்.

நாதஸ்வரக்காரர் குழலின் ஊதுவாயான சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்தி, 'பீ' என்று ஒருமுறை ஊதிப் பார்த்து, சரிவராமல் கழற்றி, குழலில் தொங்கின இன்னொன்றை எடுத்துப் போட்டார். மூத்த தவில்காரர் சின்னத் தகரப் பெட்டியைத் திறந்து விரல்கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டினார். துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிக் காயவைத்த கூடுகள். கல் மாதிரி இருக்கும். பெருவிரல் கூட்டுக்குக் கீழே தோல் தடித்து வெடித்திருந்தது. அதன்மேல் பிளாஸ்ரர் ஒட்டி, பிளாஸ்ரருக்கு மேலே கூட்டை மாட்டினார். பிறகு இடது கையால் கழியை எடுத்துத் தவிலின் இடப்பக்கமான தொப்பியில் ஒரே ஒரு தட்டு. அந்த ஒரு தட்டுக்கே பின்னால் அழுதுகொண்டிருந்த குழந்தை நிறுத்திவிட்டது.

தோடி எடுத்தார்கள். எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. மைக் வைத்திருந்தார்கள், ஆனால் அது தேவையே இல்லை. வெளிவீதியில், மரத்துக்குக் கீழே, காற்றுக்குள் வாசிப்பதற்கென்று உண்டான வாத்தியம் அது. சோழகம் அதை வயல்வெளிக்கு அள்ளிக்கொண்டு போகும். பிறகு தவில் தனிக்கு விட்டார்கள். மூன்று பேரும் மாறி மாறி வாசித்து, தாளக் கணக்கைக் குறைத்துக் குறைத்துக்கொண்டு வந்து, மூத்தவர் முடிப்புக் கோர்வையான மோராவுக்குள் போகிறார். என் பக்கத்தில் இருந்த அப்பு ஒருவர் தொடையில் தாளம் போட்டபடி கண்ணை மூடிவிட்டார்.

அப்போதுதான் மற்ற மேடையிலிருந்து 'செக், செக், வன், டூ, த்ரீ' என்று கேட்டது.

கோஷ்டியின் ஸ்பீக்கர்கள் பனையளவு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒக்டபாட்டில் ஒருவர் 'டும், டும்' என்று தட்டிப் பார்த்தார். கீபோர்ட்காரர் ஒரு சினிமாப் பாட்டின் முதல் வரியை வாசித்தார். இருந்த சனத்தில் பாதி கதிரையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து தவில்காரருக்குக் கையால் 'முடியுங்கோ' என்று காட்டினார். அந்த மனிதர் முகம் சுழிக்கவில்லை. தொடங்கின கணக்கை அப்படியே விட்டு, ஒரு சின்னத் தீர்மானம் வைத்து முடித்துவிட்டுக் கூடுகளைக் கழற்றினார். பிளாஸ்ரர் இரத்தத்தில் நனைந்திருந்தது.

நான் ஒரு பிளேன்ரீ வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஏன் அண்ணை, அந்தக் கணக்கை முடிச்சிருக்கலாமே?"

"பரவாயில்லைத் தம்பி. எங்களுக்குப் பழகிப்போச்சு. விடிய ஒரு கலியாண வீடு கிடக்கு, வெளிக்கிட வேணும்."

பழகிப்போச்சு என்றாரே, அந்தச் சொல்லோடுதான் நான் வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு நித்திரை வரவில்லை.

ஈழத்துத் தவிலுக்கு எப்பேர்ப்பட்ட பெயர் இருக்கிறது என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும். அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை தட்சணாமூர்த்தி 1975 இல் தன் நாற்பத்திரண்டாவது வயதளவில் போய்விட்டார். தமிழ்நாட்டுப் பெரிய வித்துவான்களோடு அங்கேயே போய் வாசித்து அவர்களைத் தலையாட்டவைத்த கை அது. அதே அளவெட்டியைச் சேர்ந்த என்.கே.பத்மநாதனின் நாதஸ்வரத்தை நல்லூரில் கேட்டவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிக் கதைப்பார்கள். அந்த வழியில் வந்தவர்கள்தான் எங்கள் ஊருக்கு வாகனத்தில் ஏறி, ஏ-9 வீதியால் ஆனையிறவு தாண்டி வருகிறார்கள். ஒரு வித்துவான் வந்து எங்களுக்கு முன்னால், கேட்கிற எங்களிடம் காசு வாங்காமல், எங்களை மணலில் இருத்தி வைத்து வாசிக்கிறார். நாங்கள் பாதியில் நிறுத்தச் சொல்லுகிறோம்.

கோஷ்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோஷ்டிப் பாட்டுக்கு நான் சின்ன வயதிலிருந்து உயிர். 2023 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் சந்தோஷ் நாராயணனின் 'யாழ் கானம்' நடந்தபோது நானும் அந்தச் சனத்துக்குள் நின்றேன், தொண்டை அடைக்கக் கூடப் பாடினேன். இந்தக் கோடையிலும் தருமபுரம் பக்கத்தில் ஒரு கோஷ்டியில், பள்ளிக்கூடம் முடித்த வயதுப் பிள்ளை ஒன்று ஜானகி அம்மாவின் பழைய பாட்டொன்றைப் பாடியது. சரணத்தில் கரண்ட் போய்விட்டது. ஜெனறேற்றர் போடும்வரைக்கும் அந்தப் பிள்ளை நிறுத்தவே இல்லை. மைக் இல்லாமல், இருட்டுக்குள், வெறுங்குரலில் பாடியது. கூட்டம் மூச்சுக்காட்டாமல் கேட்டது. வெளிச்சம் வந்தபோது முன்வரிசையில் இருந்த அம்மாமார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளையின் பெயர் நோட்டீசில் இருந்தது. அது இருக்கத்தான் வேண்டும். என் கேள்வி மற்றவர்களின் பெயர் எங்கே என்பதுதான்.

வைகாசியில் வற்றாப்பளை. வன்னியில் பிறந்தவனுக்கு அதை விளக்கத் தேவையில்லை. வெளியில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பொங்கலுக்கு முதல் கிழமை சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலுக்குக் கொண்டுவந்து, அந்த உப்புநீரில் விளக்கேற்றுவார்கள். பிறகு திங்கட்கிழமை, நந்திக்கடல் ஓரத்தில் இருக்கும் கண்ணகி அம்மன் கோவிலில் பொங்கல். தீர்த்தம் எடுக்கப் போகும்போதும் திரும்பி வரும்போதும் பறை முன்னுக்குப் போகும். பொழுதுபடும் நேரம் கடல்காற்றில் அந்தச் சத்தம் முதலில் வரும், ஆட்கள் பிறகுதான் கண்ணில் படுவார்கள். வாசல்களில் நிறைகுடம் வைத்துக் காத்திருப்பவர்கள் சத்தத்தை வைத்துத்தான் எழும்பி நிற்பார்கள்.

முள்ளிவாய்க்கால் நினைவு நாளும் வற்றாப்பளைப் பொங்கலும் எங்களுக்கு ஒன்றையொன்று ஒட்டித்தான் வரும். இது அந்த மண்ணில் வேறொரு கனம். 2009 வைகாசியில், யுத்தம் முடிந்த கையோடு, நாங்கள் செட்டிகுளம் அகதி முகாமில் இருந்தோம். எனக்கு அப்போது பதினைந்து வயது. பொங்கல் திங்கள் என்று யாரோ சொல்ல, எங்கள் வரிசையில் இருந்த பெண்கள் நிவாரண அரிசியைத் தகரப் பேணியில் போட்டு மூன்று கல்லில் வைத்தார்கள். பொங்கி வரும் நேரம், நாலு கூடாரம் தள்ளி இருந்த ஒரு பெரியவர் தண்ணீர் வாளியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு இரண்டு தடியால் அடிக்கத் தொடங்கினார். பறை அடி. பிளாஸ்ரிக் வாளியில். அம்மா நிலத்தில் விழுந்து கும்பிட்டார். அதுவரைக்கும் ஒரு மாதமாக அழாமல் இருந்தவர் அன்றைக்குத்தான் அழுதார். அந்தப் பெரியவர் முள்ளியவளைப் பக்கம் என்று மட்டும் கேள்விப்பட்டேன். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. அப்போது கேட்கவும் இல்லை. இந்த வருடம் வற்றாப்பளையில் பறை கேட்டபோது, நான் அவரைத்தான் தேடினேன்.

பறைக்காரரின் பெயர் ஏன் நோட்டீசில் வருவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். சாதிதான் காரணம். அம்மனுக்குப் பறை வேண்டும், அடித்தவருக்குக் கதிரை வேண்டாம். செத்த வீட்டுக்கு வரச்சொல்லுகிற அதே குரலில்தான் கோவிலுக்கும் வரச்சொல்லுவோம். இந்தத் தொழிலே வேண்டாம் என்று பிள்ளைகள் விட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவமானப்பட்டவர் அவர், கலையைக் காப்பாற்றுகிற பொறுப்பையும் அவர் தலையிலேயே வைப்பது அநியாயம். அதனால் பெயர் போடுவதென்றாலும் முதலில் அவரிடம் கேட்கவேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். கேட்காமல் போடாமல் விடுவது வேறு, கேட்டுவிட்டு விடுவது வேறு.

ஆனியில் இரண்டு இரவு காத்தவராயன் கூத்து. ஆர்மோனியமும் மத்தளமும் விடியும்வரை ஓயவில்லை. கழுமரம் ஏறும் நேரம் கிழக்கு வெளுத்து, மயில் அகவத் தொடங்கிவிட்டது. கூத்துக்காரர் எல்லோரும் உள்ளூர் ஆட்கள். பகலில் சிறுபோக வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறவர்கள்.

பிறகு மடு மாதா கோவில். யூலை 2 திருவிழாவுக்கு முதல் இரவே போய்விட்டேன். நான் சைவக்காரன், ஆனால் மடுவுக்குப் போகாத வன்னியான் யார்? மரங்களுக்குக் கீழே கூடாரங்கள். ஒரு கூடாரத்தில் தமிழில் மாதா பாட்டு, அடுத்ததில் சிங்களத்தில். இரண்டும் ஒரே மெட்டாக இருந்த ஒரு பாட்டில் இரண்டு கூடாரமும் தானாக ஒரே காலத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே யாருக்கும் மேடை இல்லை, யாருக்கும் நோட்டீசும் இல்லை. பாடினவர்கள், கேட்டவர்கள் என்று பிரிவும் இல்லை. அங்கே என் குறை எழும்பவில்லை.

கோவில் நிர்வாகங்களில் இருக்கும் என் நண்பர்கள் இதை வாசிப்பீர்கள். உங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மேளச்சமா முடியும்வரைக்கும் மற்ற மேடையின் ஸ்பீக்கரை நிறுத்தி வையுங்கள். கோஷ்டி ஆட்கள் பின்னேரமே வந்து சத்தம் சரிபார்த்துவிட்டுப் போகட்டும். அவர்களும் இசைக்காரர்தானே, சொன்னால் விளங்கும். வாசிக்க வந்தவர்களுக்கு அன்றிரவே காசைக் கொடுங்கள், 'நாளைக்கு வாங்கோ' என்று அனுப்பாதீர்கள். பறைக்காரருக்குக் கதிரையும், எல்லோருக்கும் போடுகிற அதே பந்தியில் சாப்பாடும் கொடுங்கள். நோட்டீஸ் அடிக்கும்போது பெயர் கேளுங்கள். நாலு பெயர் கூடினால் அச்சகக்காரர் மேலதிகமாகக் காசு கேட்கப்போவதில்லை.

எங்கள் ஊர்க் கோவிலில் ஆவணியில் ஒரு நாள் உபயம் எங்களுடையது. நோட்டீசுக்கு விபரம் கேட்டு வட்ஸ்அப்பில் செய்தி வந்தது. நாதஸ்வரம், தவில் ஐந்து பேரின் பெயரையும் போன் எடுத்துக் கேட்டு எழுதி அனுப்பினேன். பிறகு பறை அடிக்க வருகிறவருக்கு எடுத்தேன். சின்ன வயதிலிருந்து எனக்கு அவரைத் தெரியும். எல்லோரும் அவரை ஒரு பட்டப்பெயரால்தான் கூப்பிடுவோம்.

"ஐயா, நோட்டீசிலை உங்கடை பேர் போடப்போறம். போடலாமோ? முழுப்பேர் சொல்லுங்கோ."

மறுபக்கத்தில் சத்தம் இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன்.

"என்ரை பேரோ?" என்றார்.

"ஓம் ஐயா."

சொன்னார். அவ்வளவு அழகான பெயர். நான் எழுத்தெழுத்தாக எழுதி, திரும்ப வாசித்துக் காட்டினேன். சரி என்றார். போனை வைக்கப் போகும்போது, "தம்பி, ஒரு நிமிசம்" என்றார்.

"முன்னுக்கு அப்பான்ரை பேரையும் முழுசாப் போடேலுமோ? அந்தக் கோயிலிலை அவர்தான் எனக்கு முதல் அடிச்சவர்."

இரண்டு பெயரையும் சேர்த்து நேற்றே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.