தோங்சாய் காட்டுக்கு ஓடிப்போன ஆளா?

தாய்லாந்து வரலாற்றாய்வாளர் தோங்சாய் வினிச்சகுல் பத்தி ஒரு ஃபார்வர்ட் சுத்துது, 1976 அக்டோபர் 6 தம்மசாட் பல்கலைக்கழக படுகொலை (பாங்காக்ல போலீசும் வலதுசாரி கும்பலும் மாணவர்கள கொன்னது) அன்னைக்கே தப்பிச்சு, காட்டுல ஆயுதப் போராட்டம் நடத்திட்டு இருந்த கம்யூனிஸ்ட் கட்சில போய் சேர்ந்தாரு, அப்புறம் ஃபாரின்லயே செட்டில் ஆகி அங்கருந்து சொந்த நாட்ட திட்டிட்டு இருக்காருன்னு. தப்புங்க. அதுக்கப்புறம் நிறைய மாணவர்கள் காட்டுக்குப் போனது நிஜம், ஆனா இவரு மாணவர் தலைவரா அங்கயே கைதாகி, ராணுவ கோர்ட்ல கேஸ் நடந்து, 1978 செப்டம்பர்ல பொதுமன்னிப்பு வந்தப்பதான் வெளிய வந்தாரு. வந்தவரு திரும்ப அதே தம்மசாட்லதான் டிகிரி முடிச்சாரு!

சிட்னில 1988-ல பிஎச்டி வாங்குனதும் தாய்லாந்து திரும்பி தம்மசாட்லயே பாடம் எடுத்துட்டு, 1991-லதான் அமெரிக்காவோட விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்துக்குப் போனாரு. (இத மட்டும் ஃபார்வர்ட்ல வசதியா விட்டுட்டாங்க.)

'நாட்ட திட்டுறாரு'ங்கறதும் சும்மா, அந்த பிஎச்டிய வச்சு 1994-ல வந்த புத்தகத்துல அவரு சொன்னது என்னன்னா, சியாமுக்கு (தாய்லாந்தோட பழைய பேரு) இன்னைக்கு இருக்கற மாதிரி கோடு போட்ட எல்லையெல்லாம் ஆதிகாலத்துலருந்து கிடையாது, அப்போ ஒரே சிற்றரசு ரெண்டு மூணு பெரிய ராஜாக்களுக்கு கப்பம் கட்டும், 19-ம் நூற்றாண்டுல நவீன மேப் வந்தப்புறம்தான் 'நம்ம நாடு'ங்கற உருவமே உண்டாச்சுன்னு. அந்த புத்தகத்துக்கு 1995-ல ஹாரி பெண்டா பரிசு (தென்கிழக்கு ஆசிய ஆய்வு நூல்களுக்கானது) குடுத்தாங்க, அத படிச்சுட்டு அவர திட்டுனாலும் பரவால்ல.